சோடா மட்டும்

இரவு எட்டேகால்.
பாபுராவ் தெரு லாட்ஜ் வாசலில் கை காட்டினான்.
"கோத்தாய் ஜாபேன்?" என்றேன்.
பதினோரு வருஷம் இந்த ஸ்டாண்டில் நின்றால்
மீட்டர் ஓடாவிட்டாலும்
நாக்கில் வங்காளம் ஓடும்.

"பார்" என்றான். "ஒண்ணு இல்லே. நெறைய."

நிர்மால்ய மைத்தி.
திகா ஊரில், கடலை ஒட்டிய தெருவில்
வரிசையாகப் பதினேழு பார்.
ஒன்பதாவதில் கிளாஸ் நிரப்பி, கிளாஸ் பொறுக்கி,
கிளாஸ் கழுவி இருபது வருஷம்.
சீசனில் ஜனங்கள் முதல் கடையில் பாட்டைத் தொடங்கி
அவனிடம் வரும்போது சரணத்தில் இருப்பார்களாம்.
எப்படித் தொடங்கியது, எங்கே முடிந்தது,
கவுன்டருக்குப் பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது.
"இன்னிக்கு நான் கஸ்டமர்."

போகிற வழியில் கேட்டான்,
கடல் எந்தப் பக்கம்?

எங்கள் ஊரில் இல்லாதவற்றுக்கு ஒரு பட்டியலே உண்டு,
பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒப்பிக்கும்:
நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை...
கடலை அதில் எவனும் எழுதவில்லை.
எதிர்பார்த்திருந்தால்தானே
இல்லை என்று சொல்லத் தோன்றும்.

முதல் கடை, தகரக் கொட்டகை.
தண்ணீர் பாக்கெட், அவித்த முட்டை,
மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று.
"ரெண்டு சோடா" என்றான்.
பரிமாறுகிற தணிகாசலம் எங்களைப் பார்த்துவிட்டு
மின்விசிறியைப் பார்த்தான்.
"சோடா குடிக்க இங்க இன்னாத்துக்குபா வந்தீங்கோ?"

இரண்டாவது கடையிலும் சோடா.

எனக்கே வெட்கமாகிவிட்டது.
நான் வண்டி ஓட்டுகிறவன், உனக்கென்ன என்றேன்.
சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தான்.
காலை ஏழரை, ரத்த வங்கி.
முந்தைய நாள் மது கூடாது.
இரண்டு யூனிட் வேண்டும்.
வியாழக்கிழமை ஜோத்ஸ்னாவுக்கு ஆபரேஷன்.
சீட்டை மடித்தான், மறுபடி நாலாக மடித்தான்.
அதற்குமேல் அவனும் சொல்லவில்லை.
முறுக்கு வாங்கினோம்.

மூன்றாவதில் சம்பள நாள் கூட்டம்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்காரர் ஒருவர்
விரலில் பசை காயாமல் வந்து உட்கார்ந்து
தன் மச்சான் செய்த துரோகத்தை
அரைமணி நேரம் மைத்தியிடம் தமிழில் சொன்னார்.
சரியான இடங்களிலெல்லாம் தலையாட்டினான்.
நிலம் கைமாறிய இடத்தில் மேசையைத் தட்டினான்.
குடித்தவர் பேச்சைக் கேட்க
பாஷை எதற்கு.

அவர் எழுந்து போனதும்
அவன் கை தானாக நீண்டது.
ஒரே பிடியில் ஐந்து கிளாஸ்,
இடது கையில் துணி,
சிந்தியது தெரியாமல் ஒரே இழுப்பு.
பையன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான்.
"சார், நீங்க கஸ்டமரு சார்."
மைத்தி கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

நாலாவது கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
மணி பத்து. கெளம்பு, கெளம்பு.
அவன் ஊரில் இந்நேரம்தான்
விளக்கே போடுவார்களாம்.

பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டேன்.
வேறென்ன காட்ட?
செருப்பைக் கழற்றி நடந்தான்.
லாரித் தடம், கருவேல முள், உடைந்த பாட்டில்,
பார்த்துப் பார்த்து நடந்தான்.
ஓரிடத்தில் மண்டியிட்டுத் தோண்டினான்.
முழங்கை ஆழத்தில் ஈரம்.
விரலை நக்கிப் பார்த்தான்.
"உப்பு இல்லே."
தண்ணீர்தானே, எப்படி இருக்கும் என்றேன்.
மேலே காட்பாடி போகிற ரயில் கடந்தது,
அது முழுவதும் போகும்வரை
மணலிலேயே உட்கார்ந்திருந்தான்.

லாட்ஜ் வாசலில் காசு கொடுத்தபின் இறங்கவில்லை.
"நீ நேத்து குடிச்சியா?"
இல்லை.
"இன்னிக்கி?"
கூடத்தானே இருந்தேன்.
"என்ன குரூப்?"

நாலு கடையிலும்
தன் கிளாஸை விட்டு
என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இப்போதுதான் உறைத்தது.

வண்டியை அணைத்தேன்.
"ஏழரைதானே" என்றேன்.
"இட்லி சாப்பிட்டு வரலாமா, வெறும் வயிறா?"